கப்பல்துறையில் ஓடாமல் நின்ற கார்

என் தங்கை செல்லத்துக்கு எட்டாம் மாதம். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளோ திருகோணமலையில் இருந்தாள். துறைமுகத்தில் வேலை செய்யும் அவள் புருஷனுக்கு உலக யுத்தம் முடியும்வரை லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அம்மா என்னைப் போகச் சொன்னாள். நான் இராமநாதபுரத்தில் பஸ் மெக்கானிக். அதற்குமுன் கடல் தாண்டியதில்லை.

மண்டபம் முகாமில் அடைத்து வைத்து ஊசி போட்டார்கள். கை வீங்கியது. அந்தக் கையோடு கப்பல், அப்புறம் ரயில். அநுராதபுரத்தோடு ரயிலில் இடம் முடிந்தது. அங்கிருந்து வெங்காய லாரியில், மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து வந்தேன். நாள் முழுக்கக் கண் எரிந்தது. லாரிக்காரர் சிங்களவர். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். "அந்த ஊரைவிட்டு எல்லாரும் வெளியே வருகிறார்கள், நீ உள்ளே போகிறாய்" என்று சொன்னதாகப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானம், செல்லம் குடியிருந்த பாலையூற்றில் இறங்கினேன். குண்டு விழுந்த பிறகு பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டு முற்றங்களில் கோழிகள் மட்டும் மேய்ந்தன. துறைமுகத்துப் பக்கம் சாம்பல் நிறக் கப்பல்கள் நின்றன. நான் பார்த்த கப்பல் எதுவும் அதில் பாதி இல்லை.

செல்லம் வாசலுக்கு வந்தாள். முகம் வெளுத்து, கால் வீங்கியிருந்தது.

"வந்துட்டியாண்ணே" என்றாள். பிறகு, "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றாள். இரண்டு வருஷத்தில் பாதி இந்த ஊராகியிருந்தாள்.

அரிசி கிடைக்கவில்லை. கோதுமை மாவில் பிட்டு அவித்திருந்தாள். சொதி என்று ஒன்று ஊற்றினாள். தேங்காய்ப்பால், மஞ்சள், ஒரு மீன் துண்டு. எங்கள் ஊரில் இதைக் குழம்பு என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பசியில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

தலைமன்னாரில் கப்பல் ஏறச் சீட்டு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் சனிக்கிழமைக்கு எழுதியிருந்தது. அதைத் தவறவிட்டால் மறுபடி எழுதிக் கேட்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை அதுவரை பொறுக்காது.

ரயில் நிலையத்துக்குப் போனேன். "பட்டாளத்துக்கு மட்டும்தான்" என்றார் சன்னலில் இருந்தவர். எப்போதுவரை என்று கேட்டேன். அவர் சன்னலைச் சாத்தினார். அநுராதபுரம் போய்விட்டால் அங்கிருந்து தலைமன்னாருக்கு ரயில் உண்டு. அதுவரைதான் வழியில்லை. எட்டு மாதக்காரியை வெங்காய மூட்டைமேல் ஏற்ற முடியாது.

தங்கை புருஷன் வேலை முடிந்து வந்து, குனிந்துகொண்டே சொன்னார். "கண்டி றோட்டில கப்பல்துறை எண்டு ஒரு ஊர். அங்க கணபதிப்பிள்ளை எண்டு ஒருத்தர். வாடகைக்கு ஓடுற ஹயர் கார் வச்சிருக்கிறார். ஆனா கார் ஓடாது."

"ஓடாட்டி நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை கண்டி ரோட்டில் நடந்தேன். பட்டாள லாரிகள் வரிசை வரிசையாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் ஓரம் ஒதுங்கினேன். போய்ச் சேர்ந்தபோது புழுதியில் தலைமயிர் வெள்ளையாகியிருந்தது.

தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் கார் நின்றது. பழைய இங்கிலீஷ் கார். நாலு சிலிண்டர். துடைத்து வைத்திருந்தார்கள். முன்கண்ணாடிக்கு அருகே செம்பருத்திப்பூ இருந்தது. கணபதிப்பிள்ளைக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சாரத்தோடு வந்து நின்றார். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலாது தம்பி" என்றார். "திருத்தலாம். திருத்தினாப் பிறகுதான் கரைச்சல். இந்த றோட்டில ஓடின கார் எல்லாத்தையும் ஆமிக்காரன் கொண்டுபோயிட்டான். இது ஓடாததாலதான் என்ர முத்தத்தில நிக்குது."

நியாயமான பேச்சு. ஆனாலும் கொட்டிலைவிட்டு நகரவில்லை.

அவர் மனைவி பூரணம் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தங்கச்சிக்கு எத்தினை மாசம்?"

"எட்டு."

"தலைப்பிள்ளையோ?"

"ஆமா."

புருஷனைப் பார்த்தார். "நிக்கிற காருக்கு வெள்ளிக்கு வெள்ளி பூ வைக்கிறீங்கள். அதென்ன சாமியே? ஓடட்டும்."

"ஓடினாக் கொண்டுபோயிடுவான் எண்டுறன்."

"அப்ப அந்தப் பிள்ளையைத் தோளில வச்சுக்கொண்டு போங்கோ."

கணபதிப்பிள்ளை உள்ளே போனார். சாவிப் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அந்த ஊரில் ஸ்பேனருக்குச் சாவி என்றுதான் பேர்.

ஆயில் குச்சியை உருவினேன். ஆயில் மோர் போலிருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினேன். நாலில் இரண்டு சிலிண்டரில் அழுத்தமே இல்லை. இன்ஜின் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கிறது. திறக்காமலே தெரிந்தது.

"கடைசியா ஓடின அன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"கொதிச்சது. வழமையாக் கொதிக்கிறதுதான். உடன தண்ணி விட்டனான்."

"கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத் தண்ணியா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குத் தெரியாதே? பச்சைத்தண்ணி விட்டா வெடிச்சுப்போகும். இஞ்ச ஹயர் ஓடுற ஆக்கள் எல்லாரும் கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணிதான் டின்னில கொண்டுதிரியிறது. நானும் அதைத்தான் விட்டனான்."

"அந்தத் தண்ணி எப்ப எடுத்தது?"

"அதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம்."

நான் நட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். பூரணம்தான் வாய்விட்டுச் சிரித்தார். "ஊற்றில சுட்டது டின்னுக்குள்ள ஏழு நாளாச் சுட்டுக்கொண்டு கிடக்குமே? நீங்களும் உங்கட ஆக்களும்!"

"எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறது" என்றார் அவர், மெதுவாக.

கடல் காற்றில் நட்டுகள் பிடித்துப் போயிருந்தன. ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பீடி நேரம் ஆனது. எல்லாம் கழன்றும் ஹெட் அசையவில்லை. உளி வைத்து நெம்பினால் காயப்படும். கழற்றியிருந்த பிளக்குகளைத் திரும்பப் போட்டு, கணபதிப்பிள்ளையை ஹேண்டிலைச் சுற்றச் சொன்னேன். நல்ல சிலிண்டர் இரண்டும் அமுக்கிய காற்றில் ஹெட் தானே எழும்பியது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கேஸ்கட் கருகி விரலகலம் ஓட்டை.

புது கேஸ்கட்டுக்குக் கொழும்புக்கு எழுத வேண்டும். அங்கேயும் இருக்குமென்று உறுதியில்லை. பழையதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பாலையூற்றுக்கு நடந்தேன். செம்புத் தகடு இருந்தால் வெட்டலாம் என்று செல்லத்திடம் சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள். அவள் கல்யாணச் சீரில் வந்தது. அம்மா பார்த்துப் பார்த்து வாங்கியது.

"இதைத் தூக்கிட்டா கப்பல் ஏறப் போறேன்? வெட்டுண்ணே" என்றாள்.

புதன்கிழமை முழுக்கப் பத்தர் வீட்டில் போனது. அந்தப் பக்கத்தில் ஊரைவிட்டுப் போகாத ஒரே நகைத்தொழிலாளி அவர்தான். அண்டாவையும் கருகிய கேஸ்கட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆருக்குத் தோடு?"

"காருக்கு."

"காருக்குக் காது குத்தியாச்சோ?" என்றார். ஆனால் கை அதற்குள் கத்தரியை எடுத்துவிட்டது.

அண்டாவின் பக்கத்தை வெட்டி, தட்டித் தட்டிச் சமமாக்கினோம். பழையதை மேலே வைத்துக் கீறினேன். அவர் நகை அறுக்கும் மெல்லிய ரம்பத்தால் அறுத்தார். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இப்படி நுணுக்கமாக அறுக்க ஆளில்லை. தட்டியதில் தகடு விறைத்துவிட்டது. விறைத்த தகடு அடைக்காது. அவர் அதைக் கரியில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடப் போனார். நான் கையைப் பிடித்தேன். இரும்பை அப்படிப் போட்டால் இன்னும் விறைக்கும்.

"இது இரும்பில்லை தம்பி" என்றார். போட்டார். எடுத்து வளைத்துக் காட்டினார். தோல் மாதிரி வளைந்தது. இருபது வருஷ வேலையில் எனக்குத் தெரியாத விஷயம்.

போகும்போது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு சிரட்டையில் கொடுத்தார், ஓரத்தில் பூச. பட்டை தீட்டும் குருந்தக்கல் பொடியும் ஒரு பொட்டலம் தந்தார். வண்டியில் அவருக்கும் ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டினார்.

வியாழக்கிழமை ஹெட்டைப் பார்த்தேன். குளிர்ந்த தண்ணீர் பட்டதில் கொஞ்சம் வளைந்திருந்தது. தேய்த்துச் சமமாக்க ஒரு பெரிய கண்ணாடி வேண்டும் என்றேன். பூரணம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். இரண்டு பேரும் சேர்ந்து அலுமாரிக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அதில் ஆளுயரக் கண்ணாடி. குருந்தப் பொடியை எண்ணெயில் குழைத்து அதன்மேல் ஹெட்டைக் கவிழ்த்துத் தேய்த்தேன். காலையில் தொடங்கியது மத்தியானம் முடிந்தது. தோள் கழன்றுவிட்டது. கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

"இனி எப்பிடி முகம் பாக்கிறது?" என்றார் கணபதிப்பிள்ளை.

"நான் உங்கட முகத்தைப் பாக்கிறன், நீங்கள் என்ர முகத்தைப் பாருங்கோ" என்றார் பூரணம். எனக்கு மீனும் மரவள்ளிக்கிழங்கும் தந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

எழுந்து கேஸ்கட்டில் அரக்குப் பூசி வைத்தேன். ஹெட்டை இறக்கினேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று சுற்று இறுக்கினேன். நட்டுகளில் சுண்ணாம்பால் நம்பர் போட்டேன். சூடானதும் வழியில் ஒரு தடவை இந்த வரிசையில் மறுபடி இறுக்க வேண்டும், மறந்தால் எல்லாம் வீண் என்று அவருக்குச் சொன்னேன். பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினோம். ஹேண்டிலின் மூன்றாவது சுற்றில் ஸ்டார்ட் ஆனது. நாலும் ஒரே சீராக அடித்தன. ரேடியேட்டரில் ஒரு குமிழிகூட வரவில்லை.

கணபதிப்பிள்ளை சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்தார். "நிப்பாட்டுங்கோ தம்பி. சத்தம் கேக்கும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். வயிற்றுப்பிள்ளைக்காரி இரண்டு ஆண்களோடு தனியே போவது சரியில்லை என்று பூரணமும் வந்தார். தங்கை புருஷன் வேலைக்குப் போகும் வழியில் நின்று கையைக் காட்டினார். செல்லம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கன்னியா திரும்பும் சந்தியில் மூங்கில் தடை போட்டிருந்தது. முதல் நாள் அது அங்கே இல்லை என்றார் கணபதிப்பிள்ளை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்தார். இளவயது. வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. நகக்கண்ணில் கறுப்பு. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இவர் இன்ஜின் தெரிந்தவர்.

கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் மூதூர் முஸ்லிம். "துரை இந்தக் காரை எடுக்கப் போறாராம். எல்லாரும் இறங்கட்டாம்" என்றார்.

கணபதிப்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பூரணம்தான் சத்தம் போட்டார். "கண் தெரியேல்லையோ உங்கட துரைக்கு? பிள்ளைத்தாச்சி இருக்கிறா!"

நான் இறங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பார்த்தேன். "இது பட்டாளத்துக்கு ஆகாதுன்னு சொல்லுங்க. கேஸ்கட் எரிஞ்சுபோச்சு. அண்டாவை வெட்டிப் போட்டிருக்கு. ஹெட்டும் வளைஞ்சது. நாப்பது மைல் தாங்காது. மோசமான வேலை. நான்தான் செஞ்சேன்."

என் வேலையை நானே மோசம் என்று அதுவரை சொன்னதில்லை. சொல்லும்போது காது சுட்டது.

துரை பானெட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். ஹெட்டின் ஓரத்தில் விரலை ஓட்டினார். சுண்ணாம்பு நம்பர்களைப் பார்த்தார். ஆயில் குச்சியை உருவி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நீங்க நல்ல வேலைக்காரனாம்" என்றார் மூதூர்க்காரர். "பொய் சொல்லத்தான் தெரியாதாம்."

துரை காருக்குள் குனிந்து செல்லத்தைப் பார்த்தார். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள். துரைக்குச் சிரிப்பு போய்விட்டது. வெகுநேரம் பேசினார். மூதூர்க்காரர் சுருக்கிச் சொன்னார். அந்தப் பெண் போகட்டும். ஞாயிறு மாலைக்குள் கார் இங்கே வந்து சேர வேண்டும். அதுவரை ஓர் ஆள் பிணையாக இருக்க வேண்டும்.

கணபதிப்பிள்ளை பிணையாக இருந்து, நான் ஓட்டிப்போனால் கார் திரும்பாது என்று துரை கணக்குப் போட்டார். என்னிடம் இந்தியா போகச் சீட்டு இருந்தது. துரை அதைப் பார்த்துவிட்டார். விரலை என் பக்கம் நீட்டினார்.

செல்லம் அழவில்லை. "அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"பின்னாடி வர்றேன்னு சொல்லு."

"தனியாவா வந்தேன்னு கேக்கும்."

"கேக்கும்" என்றேன். அவள் மூட்டையையும் கப்பல் சீட்டையும் எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

பூரணம் தலையை வெளியே நீட்டினார். "நான் கப்பலடி வரைக்கும் போறன் தம்பி. பிள்ளையை ஏத்திப்போட்டுத்தான் திரும்புவன்."

தடையைத் தூக்கினார்கள். கார் போனது. சத்தம் தேயும்வரை கேட்டேன். ஒரு அடிகூடத் தவறவில்லை.

என்னைச் சும்மா வைக்கவில்லை. ஒரு லாரியைக் காட்டினார்கள். அதற்கு பிரேக் பிடிக்கவில்லை. இரண்டு நாளும் அதன் அடியில் கிடந்தேன். டின் மாட்டிறைச்சி கொடுத்தார்கள். நான் தின்பதில்லை. ரொட்டியும் டின்பால் தேத்தண்ணீரும் போதும் என்றேன். தேத்தண்ணீர் பாயசம் மாதிரி இனித்தது. லாரிக்கு அந்தப் பக்கம் இரண்டு சிப்பாய்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேச்சு என்று மூதூர்க்காரரைக் கேட்டேன். "வீட்டில உருளைக்கிழங்கு கிண்டுற காலமாம், கிண்ட ஆளில்லையாம்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் மூதூர்க்காரர் தன் வீட்டிலிருந்து வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். கப்பல் புறப்படும் நேரம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"கார்க்காரர் வருவாரெண்டு இருக்கிறீங்களா?" என்றார்.

"தெரியல."

"நானெண்டா வரமாட்டன்" என்றார். "போற வழியெல்லாம் காடு. ஒரு காரை மறைக்கக் காடு போதாதா? சாப்பிடுங்க."

வராவிட்டால் என்னை என்ன செய்வார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் லாரிக்கு அடியில் புகுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாயும்போது லாரிக்கு அடியில் இருந்தேன். சத்தம்தான் முதலில் வந்தது. நாலு அடி, சீராக. எழுந்ததில் தலையை இடித்துக்கொண்டேன்.

கணபதிப்பிள்ளை தனியாக வந்தார். கண் சிவந்திருந்தது. இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"தங்கச்சியை ரயிலேத்திட்டன். பூரணமும் கூடப் போயிட்டாள். பெட்டிக்குள்ள இருக்க இடம் கிடைச்சது. பயப்படாதேங்கோ."

பிறகு துரையிடம் கார்ச் சாவியைக் கொடுத்தார். காரை எடுத்துக்கொண்டதாகத் துரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். கணபதிப்பிள்ளை அதைப் படிக்காமல் மடித்து மடியில் செருகினார். முன்கண்ணாடி அருகே காய்ந்து கிடந்த பூவை எடுத்துக் கீழே போட்டார். வேலை முடிந்தது. எங்களைப் போகச் சொன்னார்கள்.

பிள்ளை தாய்வீட்டில்தான் பிறந்தது. பெண். எனக்குக் கடிதம் வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. புதுச் சீட்டுக் கிடைத்து நான் ஊர் சேர அதற்கும் மேலே மூன்று மாதம். அன்று மாலை இதெல்லாம் தெரியாது. நடந்தோம். எனக்கு இடுப்பு நிமிரவில்லை. அவருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போயிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கணபதிப்பிள்ளை தானாகச் சொன்னார்.

"போற வழியில, ஹொரவப்பொத்தானையில, என்ர மச்சான் இருக்கிறான். காரைக் காட்டுக்குள்ள விடு, கிடுகால மூடிவிடுறன் எண்டவன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நீங்கள் இஞ்ச இருக்கிறீங்கள்."

"பீடி இருக்கா?" என்று கேட்டேன். இருந்த ஒன்றைப் பாதியாகக் கிள்ளித் தந்தார்.

பின்னால் சத்தம் கேட்டது. ஓரம் ஒதுங்கினோம். அவர் கார்தான். ஒரு சிப்பாய் ஓட்டி வந்தான். எங்களைப் பார்க்கவில்லை. இரண்டாம் கியரிலேயே வண்டியை அலறவிட்டு, எங்கள்மேல் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போனான்.

கணபதிப்பிள்ளை நின்றுவிட்டார். "மாத்தடா" என்றார். உரக்க இல்லை. பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வது மாதிரி.

வளைவுக்கு அந்தப் பக்கம் சத்தம் இறங்கியது. கியர் மாறிவிட்டது.

"ஆ" என்றார். மறுபடி நடந்தோம்.